பதினொரு வீட்டுச் சீம்பால்

டிசம்பர் 3, புதன்

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி சும்மா கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

பால் கறக்கும்போதே பவளம் கத்த ஆரம்பித்துவிட்டாள். ஆடியில் கன்று போட்டவள். இதுவரை மூன்று சினை ஊசி. மூன்றும் நிற்கவில்லை. இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை, யாரோ தேதி சொல்லி அனுப்பியதுபோல் வந்து கத்துகிறாள்.

அம்மா மாரப்பனைப் போனில் கூப்பிட்டாள். எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் அவர்தான் ஊசி போடுகிறவர். பைக்கின் பின்னால் புகை கக்கும் கேனைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்தார். மாட்டின் பின்னால் குனிந்து பார்த்தார். கேனைத் திறக்கவே இல்லை.

"ருக்குமணியக்கா, இன்னைக்கு ஊசி வேண்டாமுங்க."

"ஏனாம்?"

"ஒழுக்கு கண்ணாடியாட்ட இருக்கோணும். இது பாருங்க, வெள்ளையாத் திரி ஓடுது. கர்ப்பப்பையில புண்ணு. டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க."

"மூணு தடவ போட்டப்பத் தெரியாத புண்ணு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்."

"போன தடவையே சந்தேகந்தானுங்க. சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு போட்டுட்டேன். அது என் தப்பு."

அவர் போன பிறகு அம்மா சாணிக்கூடையை வேகமாக வைத்தாள். "ஊசிய டீக்கடை டம்ளர்ல முக்கி எடுக்கறவன், எனக்குப் புண்ணு காட்டறான்."

கேனில் உறைந்திருக்கும் விந்துக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும். தண்ணீர் வேண்டி அவர் ஒரு நாள் டீக்கடையில் டம்ளர் வாங்கினார். டீயிலேயே முக்கினார் என்று ஊர் முடித்துக்கொண்டது.

கறக்கிற வரைக்கும் கறந்துவிட்டுப் பவளத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறாள் அம்மா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சினை நிற்காத மாட்டை வாங்குகிறவர்கள் ஒரே வகைதான், அடிமாட்டு வியாபாரிகள்.

டிசம்பர் 5, வெள்ளி

நான் வேலை பார்க்கும் பால் சங்கத்தில் கொழுப்பு பார்க்கும் மெஷின் காலையில் ஓடவில்லை. நாற்பது பேரிடம் பேச்சு வாங்கினேன். எம்.ஏ. வரலாறு படித்தது இதற்கு உதவியது: எல்லோரும் எல்லாக் காலத்திலும் கோபமாகவே இருந்திருக்கிறார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மேற்குத் தெரு பொன்னாத்தா அக்கா வீட்டிலிருந்து சீம்பால் வந்தது. கெட்டி. கருப்பட்டி, சுக்கு. ஏலக்காய் இல்லை. பாதியை நானே தின்றேன்.

அம்மாவின் கை மெலிந்து நீண்ட கை. வளையல் கடையில் சிறுமிகளின் அளவுதான் பொருந்தும். கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினால் ஊரில் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் தடவி, கையைத் தோள் வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பிரித்து எடுப்பாள். அந்த நேரத்தில் அவள் முகம் கோயிலில் இருப்பதுபோல் இருக்கும். காசு தொடமாட்டாள். மறுநாள் அந்த வீட்டிலிருந்து சீம்பால் வந்துவிடும். அது ஊர் வழக்கம்.

சீம்பால் வந்த நாளையெல்லாம் என் நோட்டுகளில் குறித்து வைத்திருக்கிறேன். எந்த வீடு, எவ்வளவு கெட்டி, வெல்லமா கருப்பட்டியா. போர்களையும் பஞ்சங்களையும் படித்தவள் குறித்து வைக்கிற வரலாறு இது.

டிசம்பர் 11, வியாழன்

சங்கத் தலைவர் நாச்சிமுத்து மாலைப் பால் ஊற்றும் நேரத்தில் வந்து என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வானு, மாரப்பன மாத்தச் சொல்லி மனுக் குடுக்கப் போறோம். உங்க ரிஜிஸ்டர்ல எந்த மாட்டுக்கு எத்தன ஊசின்னு இருக்குமல்ல? ரெண்டு வருசத்துக்கு எடுத்துக் குடு கண்ணு."

வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார்: "மாரப்பன் போனாப் போதும், மாடே சொல்லுதாம், அடுத்த மாசமும் வாங்க மாப்பிள்ளைன்னு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். பிறகு அது உறுத்தியது. மாரப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்தக் கேனைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா வயலில் இருந்தபோது பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தேன்.

ஊரில் பாதிக்கு மேல் மாடுகளுக்கு முதல் ஊசியிலோ இரண்டாவதிலோ நின்றிருக்கிறது. அதே மாரப்பன், அதே கேன், அதே டம்ளர். சில மாடுகளுக்கு மட்டும் மூன்று, நான்கு, ஐந்து. அவற்றைத் தனித் தாளில் எழுதினேன். எழுதும்போது இந்த வரிசையை முன்பே எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. பழைய நோட்டுகளை எடுத்தேன்.

நாச்சிமுத்து வீட்டுக் கறுப்பு: ஐந்து ஊசி. சீம்பால் கெட்டி, கருப்பட்டி.
வடக்குத் தோட்டத்து வெள்ளை: நான்கு. வெல்லம், நீர்த்தது.
கோயில் வீட்டுப் புள்ளி: நான்கு. ஏலக்காய்.
டெய்லர் வீடு: மூன்று. பிறகு விற்றார்கள். வெல்லம்.

இரண்டு வருஷத்தில் பதினொரு வீட்டுச் சீம்பால். அதில் எட்டு மாடுகள் இந்தத் தாளில் இருக்கின்றன. எங்கள் பவளத்துக்குச் சீம்பால் யாரும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. அதனால் அவள் நோட்டில் இல்லை.

எண்கள் மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

சோளத்தட்டு அறுத்தோம். நாள் முழுக்க இருவரும் ஒரே வரப்பில் இருந்தோம். சொல்லவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

எனக்கு நானே எதிர்க்கட்சி வக்கீலாக இருந்து பார்த்தேன். நஞ்சு விழாமல் போனதே ஒரு நோய்தான். அம்மா போனது அப்படி ஏற்கெனவே கெட்டுப்போன மாடுகளுக்குத்தானே. அவள் கை போடாமல் இருந்தாலும் அவற்றுக்குச் சினை நின்றிருக்காதோ.

ஆனால் போன வைகாசியில் பெரியம்மாவின் ஆபரேஷனுக்காக அம்மா ஒரு மாதம் பழனியில் இருந்தாள். அந்த மாதம் மூன்று வீடுகளில் நஞ்சு விழவில்லை. கை போட ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டார்கள். நாறிக்கொண்டு, நாலைந்து நாள் கழித்துத் தானாக விழுந்தது. இரண்டு மாடுகளுக்கு முதல் ஊசி நின்றது, ஒன்றுக்கு இரண்டாவது.

மூன்றே மூன்றுதான். மூன்றை வைத்து ஒருவர் முகத்தைப் பார்த்து என்ன பேச முடியும்.

டிசம்பர் 24, புதன்

பவளம் சொன்ன நாளில் கத்தினாள். அம்மாவைக் கெஞ்சி, வண்டி பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நஸ்ரீன் நீள உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது உறையின் விரல் நுனிகளில் தயிர்போல் வெள்ளை. அம்மா அதைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கன்னு போட்டப்ப நஞ்சு சரியா விழுந்துச்சா?"

அம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துச்சுங்க. தானா."

 ஆடி மாதம் அம்மா கை போட்ட காலையில் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

டாக்டர் மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டே பேசினார். "இப்பவும் நெறையப் பேரு கைய விட்டு இழுக்கறாங்கம்மா. நஞ்சு கர்ப்பப்பையில பொத்தான் மாட்டுன மாதிரி ஒட்டியிருக்கும். பொத்தானப் பிச்சாத் துணியும் சேர்ந்து கிழியுமில்ல, அப்படித்தான். நஞ்சு தங்குனாலே கொஞ்சம் புண்ணாகத்தான் செய்யும். இழுத்தா அது சீழாயிடும். தொங்கறத மட்டும் வெட்டி விட்டுட்டு, காய்ச்சல் வருதான்னு பாத்தாப் போதும். இந்தத் தடவ ஊசி வேண்டாம். அடுத்த பருவத்துல ஒழுக்கு தெளிவா இருந்தாப் போடுங்க."

திரும்பி வரும் வழி முழுக்க அம்மா வண்டியில் மாட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மாட்டைத் தொட்டால் எப்போதும் கழுவுவாள். இன்று கொஞ்சம் அதிக நேரம். அவ்வளவுதான்.

ஜனவரி 1, வியாழன்

நூலகம் விடுமுறை. எடுத்துவந்த நாவலில் எண்பது பக்கம் போயும் யாருக்கும் எந்தத் தயக்கமும் இல்லை. மூடிவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

மனு சங்கத்துக்கு வந்துவிட்டது. 'கவனக்குறைவாலும் தரமற்ற முறையாலும்' என்று ஆரம்பிக்கிறது. இருபத்தைந்தாம் தேதி பொதுக்கூட்டத்தில் முடிவு. கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு. பத்தொன்பதாவது கையெழுத்து அம்மாவுடையது. பால் கேனை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கி, என் கண்ணெதிரே போட்டாள்.

வீட்டுக்கு வந்து கன்றுக்குத் தண்ணீர் காட்டினேன். அடுப்புப் பற்றவைத்தேன். பிறகு மடித்த தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு வீடாக விரல் வைத்துப் படித்தாள். நாலாவது வரியிலேயே விரல் நின்றுவிட்டது.

"இதென்ன, ஏலக்கா, கருப்பட்டின்னு?"

"சீம்பால் வந்த வீடும்மா."

"எங் கையச் சொல்றியா நீ?"

"மாரப்பன் கை இல்லைன்னு சொல்றேன்."

"திங்கறப்ப இனிச்சுது. இல்ல?"

 தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். அதைக் கிழித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனவரி 8, வியாழன்

அம்மா சாதம் மட்டும் போட்டாள்.

ஜனவரி 10, சனி

கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அம்மா பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"உங்கப்பன் போயி ஏழு வருசமாச்சு. ஒரு சீருக்கு, ஒரு வளைகாப்புக்கு, ஒரு புதுவீட்டுக்கு, யாராச்சும் என்னய முன்னால கூப்பிட்டிருக்கறாங்களா? பந்தி ஓஞ்ச பொறகு வாங்கறதோட சரி. மாடு கன்னு போட்டா மட்டும் செருப்பில்லாம ஓடி வருவாங்க, ருக்குமணியக்கா எங்கன்னு. பச்ச ஒடம்புக்காரி மாடு. அதுங்கிட்ட முதல்ல போறவ நானு. அதையும் நீ எடுத்துக்கற."

விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள். பிறகு கேட்டாள்: "அந்த டெய்லர் வீட்டு மாட்ட யாருக்கு வித்தாங்க?"

நான் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏழு வருஷமாக இந்த வீட்டில் இருந்துகொண்டு எத்தனையோ நாட்டு விதவைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

ஜனவரி 14, புதன்

போகி. பவளம் கத்தினாள். ஒழுக்கு, கண்ணாடி. கீழே சொட்டியதை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

மாரப்பன் வந்தார். மனுவைப் பற்றி அவருக்குத் தெரியும். அதில் யார் யார் கையெழுத்து என்பதும் தெரியும். அம்மா அடுப்பிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். அவர் விரலை விட்டுப் பார்த்தார்.

"சரியான சூடுங்கக்கா."

"கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

ஊசி போட்டு முடித்துக் கேனைக் கட்டும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இருபத்தஞ்சாந்தேதிக்கு நான் வரலீங்க, அம்மிணி. நின்னு கேக்கறதுக்குத் தெம்பில்ல."

ஜனவரி 22, வியாழன்

தாளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். பெயரில்லாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது. 'நஞ்சு தங்கிய மாடுகள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மாரப்பன் தப்பிப்பார். அம்மாவும் தப்பிப்பாள். அடுத்த மாடு தப்பிக்காது.

ஜனவரி 25, ஞாயிறு

சங்கக் கட்டடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அம்மா வருவாள் என்று நினைக்கவில்லை. வந்து பெண்கள் வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தாள்.

தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.  நஞ்சு ஒழுங்காக விழுந்த மாடுகளில் மாரப்பனின் ஊசி எத்தனைக்கு நின்றது என்று முதலில் சொன்னேன். பிறகு நஞ்சு தங்கி, கை விட்டு எடுத்தவை: பதினொன்று. எட்டுக்கு மூன்று ஊசியோ அதற்கு மேலோ. கை விடாமல் விட்டவை: மூன்று. மூன்றும் நின்றன.

நாச்சிமுத்து கேட்டார், "யாரு கைய விட்டது?" அவருக்குத் தெரியாதா. அவர் வீட்டிலிருந்து வந்ததுதான் இருப்பதிலேயே கெட்டியான சீம்பால்.

"எங்கம்மா," என்றேன். "கை விடறப்ப வாலப் பிடிச்சது நானு. பவளத்துக்கும்."

 பின்னாலிருந்து ஒருவர், "அட, நாமதானப்பா கூப்பிட்டோம்," என்றார். இன்னொருவர், "பொம்பளப் புள்ள படிச்சா பெத்தவளுக்கே ரிஜிஸ்டர் போடும்," என்றார். சிலர் சிரித்தார்கள். நான் அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை.

மனுவை மூன்று மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மாரப்பன் அதுவரை போடலாம். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது அம்மா போயிருந்தாள். வீட்டில் எனக்கு முன்பே வந்து கறவையை முடித்திருந்தாள். இன்று என் பங்கு வேலையையும் அவளே செய்தாள். அது கோபமா வேறா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்துவின் மனைவி சுலோச்சனா அக்கா மூச்சு வாங்க வந்தார். அவர்களுடைய மற்றொரு மாடு, செம்பட்டை, நேற்றுக் காலை கன்று போட்டது. நஞ்சு தொங்குகிறது.

"அக்கா, கூட்டத்துல ஆயிரம் பேசுவாங்க. அதெல்லாங் கெடக்கட்டும். வந்து ஒரு கை போட்டுட்டுப் போங்கக்கா."

அவர்கள் நம்பவே இல்லை. அறுபது பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. கூப்பிடும் குரல் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாடத்தில் இருந்த விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். 

கிண்ணத்தை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கத்திரிக்கோலக் கொதிக்க வெச்சு எடுத்துட்டு வா. டாக்டரம்மாவுக்குப் போனப் போடு," என்றாள்.

நாச்சிமுத்துவின் கட்டுத்தரையில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்தார்கள். வாளி, எண்ணெய், துணி எல்லாம் தயாராக இருந்தன. அம்மா தொங்கியதைக் கணுக்கால் தட்டாத அளவுக்கு மேலே பிடித்து வெட்டினாள். கத்திரிக்கோலைத் தட்டில் வைத்தாள்.

"உள்ள இருக்கறது?" என்றார் நாச்சிமுத்து.

"அது பாட்டுக்கு விழும்."

"எப்ப?"

"விழறப்ப."

"நீ போட மாட்டீன்னா நான் பக்கத்தூரு ராசுக்குட்டியக் கூப்பிடறேன் ருக்குமணி. நாத்தத்துல பால் பூராப் போயிரும்."

அம்மா மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய், கவிழ்த்துக் கிடந்த தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கூப்பிடுங்க. என்னயத் தாண்டிப் போயி எவங் கைய வெக்கறான்னு பாக்கறேன். எங் கைய நம்பித்தானே இத்தன வருசம் வந்தீங்க? அந்தக் கைதான் சொல்லுது, வேண்டாம்னு. உங்க கறுப்ப நாந்தான் கெடுத்தேன். இதையும் கெடுக்க மாட்டேன்."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ராசுக்குட்டியைக் கூப்பிடவில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் பார்க்கச் சொல்லி ஒரு தெர்மாமீட்டரை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 4, புதன்

இருபத்தொன்றாம் நாள். பவளம் கத்தவில்லை. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் கை வைத்துப் பார்க்கிற வரை இதைச் சினை என்று எழுதமாட்டேன்.

அம்மா காலையும் மாலையும் செம்பட்டையைப் பார்க்கப் போகிறாள். துர்நாற்றம் வீதி வரை வருகிறது. போகிற வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

செம்பட்டைக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம். பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார், மேலே ஏறினால் ஊசி. அம்மா சாப்பிடாமல் இருந்தாள். சுலோச்சனா அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். நாச்சிமுத்து எங்களிடம் பேசவில்லை, ஆனால் மாட்டுக்கு மாத்திரையை அவரே உருண்டையில் வைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆறரைக்கு நாங்கள் போனபோது அது கீழே கிடந்தது. கறுத்து, நாறி, முழுதாக. யாரும் தொடாமல் தானாக விழுந்திருந்தது. செம்பட்டை வேலியோரம் நின்று புல் கட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

தகவல் சொல்லாமலே ஆட்கள் கூடிவிட்டார்கள். மாரப்பனும் வேறு வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். "வா மாரப்பா. டீ குடிச்சுட்டுப் போ," என்றார்.  மாரப்பன் உள்ளே வந்தார்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. நஞ்சு விழுந்துவிட்டது, இனி என்ன என்று யாரோ கேட்டார்கள். அவள் வாலைத் தூக்கி, தெர்மாமீட்டரை வைத்து, என்னை எண்ணச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கோடு தெரியவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"நூத்தி ரெண்டும்மா."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது."

"எப்படிப் பாக்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு," என்றாள் அம்மா. "அடுத்த வீட்டுக்கு நீ வர வேண்டியதில்ல."